மலையேறிய செவலை

விடிந்ததும் குருவம்மாள் மாடுகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. செவலை படுக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. அது நிறைசினைப் பசு.

கூமாப்பட்டிக்கு மேற்கே மலையில் மேய்ந்து வளர்ந்த மாடுகள் அவளுடையவை. காடு புலிகள் காப்பகமான பிறகு உள்ளே மேய்க்கக் கூடாது என்றார்கள். அதிலிருந்து அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுப் பிழைக்கிறாள். இரவெல்லாம் மாடுகள் போடும் சாணம் நிலத்துக்கு உரம். நிலக்காரர் கொடுப்பது அவளுக்குச் சோறு. நடவு தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

மலைமாடு தான் பிறந்த இடம் தேடிப்போய்த்தான் கன்று போடும். அது தெரிந்தும் நாளைத் தப்பாகக் கணித்துவிட்டாள். இன்னும் பத்து நாள் இருக்கிறதென்று அசந்து தூங்கிவிட்டாள்.

காட்டின் எல்லையில் யானைக்காக வெட்டிய அகழிக்கு ஓடினாள். அங்கே நின்றவன் அவள் கொழுந்தன் தங்கப்பாண்டியன். இதே மாடுகளை அவளோடு மேய்த்தவன். இப்போது வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்.

"மதினி, அங்கனயே நில்லுங்க. உள்ள கால வச்சா நான்தான் கேஸ் எழுதணும்."

"எழுதுலே! செவலை கன்னு போட மலையேறிட்டு. உங்கண்ணன் செத்த அன்னைக்கு மாட்டப் பாத்துக்கிடுதேன்னு சொன்னவன்தான நீ?"

"அதுக்குத்தான மதினி இந்த வேலைக்கு வந்தேன். மாட்டுக்கு வைக்கோல் எந்தச் சம்பளத்துல வருது?"

காட்டைக் காக்கிறவன் கூலியில்தான் காட்டை இழந்த மாடுகள் உயிரோடிருந்தன. இதில் யாரைத் திட்டுவது?

"காலைல சிறுத்தைத் தடம் பாத்தேன். செத்த நேரம் நில்லுங்க, நான் போய்க் கன்னத் தூக்கிட்டு வாரேன்."

"இந்தச் சட்டையோடயா? செவலை குடலை உருவிப்புடும். மேய்க்கிற ஆளு வாசனை இல்லாட்டா அது கிட்ட விடாது."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நீட்டினாள். அவன் அதைச் சீருடைக்கு மேலே போர்த்திக்கொண்டான்.

"ஆபீசர் பாத்தா என்ன சொல்லுவாரு?"

"புது மாப்பிள்ளைம்பாரு. போலே!"

சிரித்துக்கொண்டே போனான். அவன் மறைந்ததும் அவள் அகழிக் கரையில் நின்று, மாடுகளைக் கூப்பிடும் குரலில் மலையைப் பார்த்துக் கூப்பிட்டாள். தொண்டை கட்டுகிற வரை கூப்பிட்டாள். வெயில் ஏறியது. கடைசியில் தோளில் ஈரக் கன்றோடு அவன் இறங்கி வந்தான். பின்னாலேயே மூச்சிரைக்கச் செவலை. குருவம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிடை வரைக்கும் அவனே சுமந்து வந்து இறக்கினான். செவலை கன்றை நக்கியது. நக்கி முடித்ததும் தலையைத் திருப்பி மலையைப் பார்த்தது. கன்று கால் ஊன்றியதும் அதைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஏறிவிடும். அடுத்த தடவை சிறுத்தை முந்திக்கொள்ளலாம். கன்றைக் கட்டிப்போட்டால் தாய் நகராது. ஆனால் அவர்கள் கிடையில் இன்றுவரை ஒரு கன்றின் மேலும் கயிறு பட்டதில்லை.

வைக்கோல் கட்டிலிருந்து கயிற்றை உருவினாள். கன்றின் கழுத்துவரை கொண்டுபோனாள். கை வரவில்லை.

"நீயே கட்டிரு, தம்பி."

தங்கப்பாண்டியன் குனிந்து கட்டினான்.

"இறுக்கிட்டியேலே. தளத்தி விடு."

தளர்த்தினான்.

"இன்னுங் கொஞ்சம்."