உறைக்காரியின் லேப்டாப்

எங்கள் வீட்டில் உறை இல்லாத பொருள் எது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, மேசை மின்விசிறிக்கு உறை. குடைக்குக் கடைக்காரன் கொடுத்த உறையின் மேல் இன்னொரு உறை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் ஏன் விட்டுவைத்தாய் என்று அக்காவிடம் கேட்டேன். சூடு ஆறட்டும் என்று காத்திருப்பதாகச் சொன்னாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது மறுநாள் காலை தெரிந்தது.

"இந்த வீட்டுல உறை இல்லாம உலாத்துறது நான் ஒருத்தன்தான்" என்பார் மாமா, அக்காவின் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருடைய ஸ்டியரிங்குக்கும் ஒரு உறை வந்து சேர்ந்த பிறகு வாயைத் திறப்பதில்லை. தெருவில் அக்காவுக்கு உறைக்காரி என்று பெயர். வைத்தது நான்தான். அதற்காக அவள் என்னைக் கோபித்துக்கொண்டதே இல்லை. அவளுக்குக் கோபம் வருகிற இடமே வேறு.

அவள் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறவள். கம்பெனியில் வெட்டி மூட்டை கட்டி அனுப்புவார்கள். கழுத்து, கை, பட்டி என்று பிரித்துப் போட்டு இவள் இணைப்பாள். மூட்டையைப் பிரிக்கும்போதே முகம் சிவந்துவிடும். "இந்தக் கை வளைவைப் போட்டவன் தன் ஆயுசுல கையைத் தூக்கினதே இல்ல போல. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு எவனாவது பஸ்ல கம்பியைப் பிடிச்சா அக்குள் கிழியாம என்ன செய்யும்?" என்பாள். சொல்லிவிட்டு, அவர்கள் வெட்டியபடியேதான் தைப்பாள். தைக்கிறவளுக்கு வளைவை மாற்ற உரிமை கிடையாது. அது பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுப் படம், வரைகிறவரின் வேலை. அந்த நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது. பேட்டர்ன் வரையும் படிப்பை இணையத்தில் படித்து, அதிலேயே தேர்வு எழுதித் தேறினால் அந்த வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக் கட்டிய லேப்டாப் ஒன்றை மாமா வாங்கிவந்தார். கனத்துக்கு அம்மிக்கல், நிறத்துக்கு அடுப்புக்கரி. வந்த அன்றே அக்கா அதற்கு உறை தைத்துவிட்டாள். வெளியே தடித்த துணி, நடுவில் பஞ்சு, உள்ளே வழவழப்பான சாட்டின், வாயைச் சுற்றிக் கயிறு வைத்து மடித்துத் தைத்த பைப்பிங். லேப்டாப் அதற்குள் போனால் ஒரு நூல்கூட இடைவெளி இருக்காது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவள், "இதுதான் நான் அளவெடுத்து வெட்டினதுலயே உருப்படியானது" என்றாள்.

இணையம் மாடியிலிருந்து வந்தது. மாடிக்கார அம்மாவின் வீட்டில் மோடம். அந்த இணைப்பில் எங்களுக்கும் பங்கு. எங்கள் போன்கள் அதனதன் சிம்மில் ஓடுபவை, ஆகவே மாடி இணைப்பு லேப்டாப்புக்கு மட்டும்தான். அது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. போன தடவை தேர்வன்று உறையிலிருந்து எடுத்துத் திறந்தால், சுத்தமாக இல்லை. முதல் நாள்தான் கொடியில் ஈரத்துணி சொட்டியது பற்றி மாடிக்கும் எங்களுக்கும் வாய்த் தகராறு நடந்திருந்தது. அக்கா விறுவிறுவென்று படியேறினாள்.

"வேணும்னேதான் ஆஃப் பண்ணிட்டீங்க. ஒருத்தி முன்னேறினா உங்களுக்குப் பொறுக்காதா?"

மாடிக்கார அம்மா கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். தேர்வு போனது. மறுநாள் லேப்டாப்பை எடுத்தால் இணையம் தானாக வந்து நிற்கிறது. அக்காவுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அந்த அம்மா இணைப்பை மட்டும் துண்டிக்கவில்லை. அது எனக்கு அப்போதே உறுத்தியது.

கம்பெனியில் தேர்வுக்கு இன்னொரு வாய்ப்புதான் கொடுப்பார்கள், அதையும் விட்டால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அக்கா விழுந்து விழுந்து படித்தாள். தேர்வு நெருங்கும்போது, கைகால் சும்மா இருக்கக் கூடாது என்பதுபோல், தளர்ந்துபோன உறையின் பைப்பிங்கைப் பிரித்து இறுக்கமாகத் தைத்தாள். அந்த வாரம் இணையம் முழுவதுமாக நின்றுபோனது. நான் என் போனில் மாடி இணைப்பைப் போட்டுப் பார்த்தேன். ஜோராக வந்தது.

"அக்கா, கோளாறு மாடியில இல்ல. நம்ம லேப்டாப்புலதான்."

"இப்ப இதுல இருக்கலாம். அன்னைக்கு அவங்கதான் ஆஃப் பண்ணினாங்க. அது வேற, இது வேற" என்றாள். பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை அவள்.

தெருமுனை லேப்டாப் கடைக்காரரிடம் கொண்டுபோனோம். மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவசரத்தில் திறந்து பார்த்தார். "நெட்வொர்க் கார்டு போயிருக்கும். பழசு இல்லையா? புதுசு தரேன். வெச்சுட்டுப் போங்க, வந்து மாட்டித் தரேன்" என்றார். அவர் வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும். கேபிள் சொருகலாம் என்றால் அந்தத் துளை முந்தின முதலாளி கையிலேயே உடைந்திருந்தது. போனிலிருந்து ஒயர் போட்டு எடுக்கலாம் என்றால், தேர்வு அறையில் போன் இருக்கக் கூடாது. வேறெங்காவது போய் எழுதலாம் என்றால், அறையில் வேறு ஆளே இருக்கக் கூடாதாம்.

"கார்டைக் குடுங்க" என்றாள் அக்கா. "காலர் வைக்கிறவளுக்கு இந்தக் கார்டை வைக்கத் தெரியாதா?"

கட்டில் மேல் போர்வையை மடித்துப் போட்டு லேப்டாப்பைக் கவிழ்த்தாள். நான் போனில் செய்முறையைத் தேடி வாசித்தேன். பேட்டரியைக் கழற்றினாள். முதுகில் இருந்த சின்ன மூடியின் திருகுகளைக் கழற்றி, உருளாமல் இருக்கக் காந்தத்தில் ஒட்டவைத்தாள். ஊசிக்கு அவள் வைத்திருக்கும் காந்தம் அது. உள்ளே பிஸ்கட்டில் பாதி அளவுக்குப் பழைய கார்டு. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள்.

"இந்த ஒயர்தான் சிக்னலை இழுக்குமாம். மெதுவா எடு. பிஞ்சா எல்லாம் போச்சு" என்றேன்.

அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அட, இது பிரஸ் பட்டன்டி. ஜாக்கெட்டுக்கு எத்தனை வெச்சிருப்பேன்!" நகத்தை அடியில் கொடுத்து நெம்பினாள். டக் என்று ஒன்று, டக் என்று இன்னொன்று. பழைய கார்டை எடுத்துவிட்டுப் புதியதைச் சாய்வாகச் சொருகி, அமுக்கிப் படுக்கவைத்து, திருகை இறுக்கினாள். ஒயர்களை மறுபடி பொருத்தியபோது எழுந்த சத்தம் எனக்கே இனித்தது. மூடியையும் பேட்டரியையும் போட்டு, திறந்தது திறந்தாயிற்று என்று ஈரத்துணியால் நான்கு ஓரங்களையும் அழுந்தத் துடைத்தாள். அந்த மெஷின் தன் வாழ்நாளில் அப்படிக் குளித்திருக்காது.

போட்டால், புதுக் கார்டு யாரென்றே லேப்டாப்புக்குத் தெரியவில்லை. பட்டியலில் மஞ்சள் முக்கோணம் காட்டியது.

"இந்தக் கார்டை ஓட்ட டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் போடணும் அக்கா."

"டிரைவர் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்" என்றார் மாமா, காபியோடு.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். யார் யோசித்த ஏற்பாடோ! நான் வேலை பார்க்கிற அலுவலகத்துக்கு ஓடி, பென் டிரைவில் அதை ஏற்றிக்கொண்டு வந்தேன். நிறுவச் சொன்னோம். பச்சைக் கோடு ஆடி அசைந்து ஊர்ந்து முடிந்தது. திரும்பப் போட்டதும் முக்கோணம் காணாமல் போய், பக்கத்து வீடுகளின் இணைப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முதலில் வந்தது மாடி. கடவுச்சொல்லை அடித்ததும் படிப்பின் பக்கம் பளிச்சென்று திறந்தது. அக்கா கைதட்டினாள். மாமா சட்டையில் காபியைக் கொட்டிக்கொண்டார். பிறகு அவள் லேப்டாப்பை அணைத்து, பத்திரமாக உறையில் போட்டு, அலமாரியில் வைத்தாள்.

தேர்வு நாள் காலை. வெளியே எடுத்தாள், திறந்தாள், இணையம் இல்லை.

மஞ்சள் முக்கோணமும் இல்லை. கார்டு இருக்கிறது, டிரைவர் இருக்கிறது, ஒரு பெயர்கூட இறங்கவில்லை. அக்கா மறுபடி கவிழ்த்துத் திறந்து பிரஸ் பட்டன்களை அமுக்கிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தன. கடைக்காரருக்குப் போன் அடித்தேன். பின்னால் மேளச் சத்தம்தான் கேட்டது. மாமா வேனை எடுக்க வேண்டிய நேரம், எடுக்காமல் வாசலில் நின்றார்.

"விடு. நமக்கு வெட்டினதைத் தைக்கிறதுதான் எழுதியிருக்கு" என்றாள் அக்கா. அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அவள் கை பழக்கத்தில் உறையை எடுத்து மடிக்கப் போனது. பாதி மடிப்பில் நின்றது.

"இங்க ஏன் நூல் பிரிஞ்சிருக்கு?"

"அக்கா, இப்பவா உறையைப் பார்க்குற?"

"சும்மா இருடி." உறையின் வாயை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். சாட்டினில் ஒரே ஒரு இடத்தில் பிசிறு. "இது தேய்மானம் இல்ல. ஏதோ மாட்டி இழுத்திருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல." லேப்டாப்பை மூடி உறைக்குள் பாதி நுழைத்து நிறுத்தி, பிசிறு தொடுகிற இடத்தில் விரலை வைத்தாள். வெளியே இழுத்துக் குனிந்து பார்த்தாள். கறுப்பு ஓரத்தில் கறுப்பாக, அரிசி மணி அளவுக்கு ஒரு மேடு. இத்தனை நாள் அதை நாங்கள் டிசைன் என்று நினைத்திருந்தோம். அவள் நகத்தால் தள்ளினாள். அது நகர்ந்தது. சுவிட்ச்!

திறந்ததும் ஓரத்தில் நீலமாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. பெயர்கள் இறங்கின. முதலில் மாடி.

யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே போகும்போது பைப்பிங் அந்த வைஃபை சுவிட்சை அணைத்துவிடும். வெளியே வரும்போது சில நாள் திருப்பி இழுக்கும், சில நாள் இழுக்காது. இறுக்கித் தைத்த பிறகு இழுப்பதே இல்லை. கார்டு மாட்டிய அன்று அவளுடைய ஈரத்துணிதான் அதைத் தள்ளியிருக்கிறது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போன தடவையும் இதுதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினாள். "பேசாத. நான் அப்புறம் அழுதுக்கறேன். இப்ப நேரமில்ல. வெளிய போ."

நானும் மாமாவும் கதவுக்கு வெளியே காதை வைத்து உட்கார்ந்தோம். இணையத்தில் தேர்வைக் கண்காணிக்கும் பெண்ணின் குரல் கேட்டது. லேப்டாப்பைச் சுழற்றி அறையைக் காட்டச் சொன்னது.

"பின்னாடி என்னமோ மூடி வெச்சிருக்கே, அது என்ன?"

"தையல் மெஷின் மேடம்."

"உறையை எடுத்துக் காட்டுங்க. பக்கத்துல?"

"ஃபேன்."

"ஃபேனுக்கா? அதையும் எடுங்க. அந்தச் சின்னது?"

"இஸ்திரிப் பெட்டி மேடம்."

குரல் களைத்துப்போய், "எல்லாத்தையும் எடுத்துருங்க" என்று வந்தது. மாமா தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். அக்காவின் வாழ்க்கையில் அத்தனை பொருளும் ஒன்றாக வெற்றுடம்போடு நின்ற நாள் அது ஒன்றுதான்.

தேர்வு முடிந்து வந்தவள் சொன்னபடி அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். சாயங்காலம் கையில் எதையோ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், தேவைப்பட்டால் இழுத்துக்கொண்டு வர.

மாடிக்கார அம்மா கதவைத் திறந்தார்.

"தப்பு என்னோடதும்மா. என் உறைதான் அணைச்சிருக்கு. உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிருங்க." அக்கா கையில் இருந்ததை நீட்டினாள். மோடத்துக்கு ஒரு உறை. காற்றுப் போக வலைத்துணி, விளக்குத் தெரிய ஜன்னல், எல்லாம் வைத்து.

அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏண்டி, இருக்கறதை அணைச்சது போதாதா? இதையும் அணைக்கப் போறியா?" என்றார். பிறகு உள்ளே போய் மோடத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "உட்காரு, காபி போடறேன்" என்றார். அன்றைக்கு ஈரத்துணியைப் பற்றியும் பேசி முடித்தார்கள்.

அக்கா தேறிவிட்டாள். இப்போது கம்பெனியில் வரைகிறாள். அவள் போட்ட கை வளைவில் முதல் சட்டை தைத்து வந்தபோது மாமாவை மாட்டச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கு, இறக்கு என்று ஒரு மணி நேரம் பாடாய்ப் படுத்தினாள். அக்குள் கிழியவில்லை. பழைய கார்டு வேலை செய்கிறதா என்று நாங்கள் சோதிக்கவே இல்லை. செய்தால் வயிறு எரியும். அது அலமாரியில் இருக்கிறது, விரல் அளவு உறைக்குள்.

லேப்டாப் உறையில் சுவிட்ச் வருகிற இடத்தில் இப்போது ஒரு காஜா எடுத்திருக்கிறாள், சட்டைப் பொத்தானுக்கு எடுப்பது போலவே. காலையில் கிளம்பும்போது கேஸ் அடுப்பைப் பார்க்கிறாள், பூட்டை இழுத்துப் பார்க்கிறாள், கட்டைவிரலைக் காஜாவுக்குள் விட்டுச் சுவிட்சைத் தடவிப் பார்க்கிறாள். பிறகு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடக்கிறாள். ஜன்னலில் நின்று பார்க்கும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு உறை தைத்துவிடுவாள்.