பள்ளத்தூரிலிருந்து நாட்டரசன்கோட்டைக்கு நானே கார் ஓட்டிப் போனது

குடும்பத்தோடு ஒரு நாள் காரில் போய்வர நினைக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். மைலும் மணியும் சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் நிறுத்திக் குறித்துக்கொண்டேன். மற்றபடி அன்றைக்கு நடந்தது எனக்கே இன்னும் விளங்கவில்லை. பினாங்குக்குத் திரும்பி வந்து மூன்று வாரமாகிவிட்டது, இன்னும் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன்.

போன தை மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை. பினாங்கில் மூன்று வருஷம் கடையைப் பார்த்துவிட்டு நான் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒன்பது நாளில் மறுபடி கப்பலுக்குக் கிளம்ப வேண்டும். முன்பு நான் போகும்போது என் மகள் உமையாளுக்கு ஒன்றரை வயது. இப்போது நாலரை. வந்த இந்த ஒரு மாதத்தில் அவள் என்னை ஒரு தடவைகூட அப்பச்சி என்று கூப்பிடவில்லை; எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் வீட்டுக்குள் வளவு என்கிற உள்முற்றத்தில் கால் வைத்தால் அவள் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கிளம்புவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் வாயால் அப்பச்சி என்று கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. விட்டால் அடுத்து நான் வரும்போது அவளுக்கு ஏழெட்டு வயதாகிவிடும்.

இதில் என் பக்கமும் தப்பு உண்டு. பெரியவர்கள் எதிரில் பெற்ற பிள்ளையைத் தானே தூக்கிக் கொஞ்சுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. எங்கள் வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு பெரியவர் இருப்பார். ஆகவே பகல் முழுக்க நான் முகப்பில் வருகிறவர் போகிறவரோடு பேசிக்கொண்டிருப்பேன், குழந்தை உள்ளே பெண்களோடு இருப்பாள். காரில் வெளியே போனால் பெரியவர்கள் கண்ணில் படாமல் ஒரு நாள் பிள்ளையோடு இருக்கலாம் என்று எனக்கு யோசனை வந்தது. கோட்டையூரில் சிநேகிதர் ஒருவர் துணிக்கூரை போட்ட காரை ஒரு நாளைக்குத் தருவதாகச் சொன்னார். ஆனால் அவருடைய டிரைவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். அதனாலென்ன, பினாங்கில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்வர நானே ஓட்டப் பழகியிருக்கிறேன் என்றேன். சிநேகிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்கள் ஆட்களில் கார் வைத்திருக்கிறவர் பின்சீட்டில்தான் உட்காருவார்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். பின்சீட்டில் என் மனைவி அழகம்மையும் அவள் அக்காள் மீனாட்சி ஆச்சியும். மீனாட்சி ஆச்சியின் மகளை நாட்டரசன்கோட்டையில் கொடுத்திருக்கிறது; அம்மனைக் கும்பிட்டுவிட்டு அந்த வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு. புழுதிக்குப் பயந்து நான் சிநேகிதருடைய டிரைவரின் காக்கிக் கோட்டையும் தொப்பியையும், கண்ணை மூடும் பெரிய கண்ணாடியையும் வாங்கி மாட்டியிருந்தேன். உமையாள் காரைச் சுற்றி ஒரு தடவை ஓடினாள். பிறகு யாரும் கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு மாதம் கிட்டவே வராத பிள்ளை ஒரு கார் வந்ததும் ஒட்டிக்கொண்டதே என்று உச்சி குளிர்ந்துபோயிற்று.

காரைக்குடி ஆறரை மைல். ஆறேகாலுக்குப் போய் நாலு காலன் பெட்ரோல் போட்டோம், காலன் ஒரு ரூபாய் ஆறணா. அங்கிருந்து கல்லல் ஒன்பது மைல், நாற்பது நிமிஷம். பாதை கப்பிக்கல் போட்டது, சுமாராக இருக்கிறது. பாலங்களின் இரண்டு பக்கமும் குழி, வேகம் ஆகாது. கண்மாய்களில் தண்ணீர் நின்றது, அறுப்புக்கு ஆள்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காரைக் கண்டதும் கதிர் அரிவாளோடு நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். உமையாள் அவர்களுக்குக் கையை ஆட்டினாள். பிறகு ரப்பர் ஹார்னைக் காட்டி, "டைவர், இதை அமுக்கவா?" என்று என்னிடம் கேட்டாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நானும் விட்டுக்கொடுக்காமல், முதலாளியம்மாவிடம் டிரைவர் பேசுகிற மாதிரி, "அமுக்குங்க ஆச்சி" என்றேன். பின்சீட்டில் இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்லல் போய்ச் சேரும்வரை வழியில் வந்த ஒரு மாட்டுவண்டி பாக்கியில்லாமல் ஹார்ன் அடித்தாள்.

கல்லலைத் தாண்டி இரண்டாவது மைலில் பின்சக்கரம் பஞ்சர். கழற்றி ஒட்டிக் காற்றடிக்க ஐம்பது நிமிஷம் பிடித்தது. உமையாள் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து திருகாணிகளை எண்ணி எண்ணி என் கையில் கொடுத்தாள். மீனாட்சி ஆச்சிக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் எடுத்துப்போக மறந்துவிடாதீர்கள். அதற்கப்புறம் பதினோரு மைல், பாதி செம்மண் பாதை. ஒன்பது பத்துக்கு நாட்டரசன்கோட்டை. செவ்வாய்க்கிழமையானதால் கோயிலில் கூட்டம். காரைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துவிட்டதால் நான் காரை விட்டு நகர முடியவில்லை. பெண்கள் மட்டும் போய்வந்தார்கள், நான் வெளியே நின்றே அம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன். இதுவும் ஓட்டுகிறவன் தலையெழுத்து என்று அறியவும்.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் ரங்கூனில்; வீட்டில் பெண்கள்தான். வாசலில் நின்றவர் வீட்டு வேலைகளை மேற்பார்க்கும் அவர்களுடைய மேலாள், வயசானவர், என்னை முன்னேபின்னே பார்த்ததில்லை. பெண்களையும் குழந்தையையும் கும்பிட்டு உள்ளே அனுப்பினார். நான் காரை நிழலில் விட்டுவிட்டு அதே காக்கிக் கோட்டும் தொப்பியும் கண்ணாடியும் புழுதியுமாகப் படியேறினேன். அவர் தோளில் தட்டி, "டைவர், நீங்க இங்குட்டு வாங்க. அங்குட்டு ஆச்சிமாரு உக்காந்திருக்காக" என்று பக்கத்துச் சந்து வழியாகக் கூட்டிப்போனார்.

உங்களில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பீர்கள். எனக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. பின்கட்டில் இலை போட்டுத் தண்ணீரும் தெளித்துவிட்டார்கள். இப்போது போய் நான் இன்னார் என்று சொன்னால் அந்த மனுஷர் கூசிப்போவாரே என்று தயங்கினேன். தயங்கிக்கொண்டே, தொப்பியையும் கண்ணாடியையும்கூடக் கழற்றத் தோன்றாமல் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் சாம்பார் வந்துவிட்டது. பக்கத்து இலையில் அந்த வீட்டு வண்டிக்காரர். உங்கள் செட்டியார் எப்படி, கையிலே தாராளமா என்று விசாரித்தார். சுமார்தான் என்றேன்.

பாதிச் சாப்பாட்டில் உமையாள் பின்கட்டுக்கு ஓடி வந்தாள். கையில் வெல்லம் போட்ட ஒரு கந்தரப்பம், பாவாடை நுனியில் மறைத்துக் கொண்டுவந்தது.

"இது உங்களுக்கு. ஆத்தாட்ட சொல்லிறாதீக" என்று என் இலையில் வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. விளையாட்டென்றால் இவ்வளவு நேரமா? மெதுவாக, "உங்க அப்பச்சி எங்க இருக்காக?" என்று கேட்டேன்.

"பினாங்குல. போட்டோவுல மீசை வச்சிருப்பாக."

அந்தப் போட்டோ பினாங்கில் தலைப்பாகையோடு எடுத்து அனுப்பியது, வளவில் மாட்டியிருக்கிறது. மீசையை நான் போன வருஷம் எடுத்துவிட்டேன். "அப்ப வீட்டு முகப்புல ஒருத்தர் இருக்காகளே, அவுக யாரு?" என்றேன்.

"அவுக விருந்தாளி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொம்ப நாளா இருக்காக. எப்பப் போவாகன்னு தெரியல" என்றாள்.

ஒரே மனிதனான நான் அவளுக்கு மூன்று ஆள். சுவரில் இருக்கிறவர்மேல் பாசம், டிரைவர்மேல் பிரியம், முகப்பில் இருக்கிறவர் எப்போது தொலைவார் என்று இருக்கிறது. அங்கேயே சொல்லியிருக்கலாம். கண்ணெதிரே கந்தரப்பம் இருந்தது. எனக்காக ஒரு பண்டத்தை ஒளித்துக்கொண்டு ஓடி வந்த பிள்ளையிடம் நான் டிரைவர் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதைச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்றேன். அவள் திருப்தியாக உள்ளே ஓடினாள்.

இரண்டரைக்குக் கிளம்பும்போது மேலாளுக்கு விஷயம் தெரிந்து, மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவரைச் சமாதானம் செய்வதே பெரும்பாடாகிவிட்டது. உமையாள் ஹார்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில், நான் கைப்பிடியைச் சுழற்றிக் காரைக் கிளப்பும் சாக்கில் அழகம்மையைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் கண் நிறைந்துவிட்டது.

"போட்டோவக் காட்டித்தான் வளத்தேன். வேற எதக் காட்டுறது?" என்றாள்.

இன்றைக்கே சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டாள். சொல்லலாம் என்றேன், உடனே வேண்டாம் என்றேன், வழியில் பார்க்கலாம் என்றேன்.

திரும்பும் வழி நீளம், ஆனால் அழகு. மூன்றரைக்குக் கல்லல், அங்கிருந்து இடதுகைப் பக்கம் ஆறு மைல் திரும்பினால் கண்டரமாணிக்கம். நாலு மணி வெயில் சாய்வாக விழ, ஊருணித் தண்ணீரில் பெரிய வீடுகளின் நிழல் தெரிந்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே நிறுத்தினேன். படியில் இறங்கித் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவினேன். நிமிர்ந்தபோது உமையாள் இரண்டு படி மேலே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க விருந்தாளி" என்றாள்.

நான் ஈரக்கையோடு, "நான்தான் உன் அப்பச்சி" என்றேன். எவ்வளவோ பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

அவள் என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். "டைவர் எங்க?" என்று கேட்டாள். நானேதான் என்றேன். அவள் போய்ப் பின்சீட்டில் ஆத்தா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நாலரைக்குக் கிளம்பி ஏழு மைலில் குன்றக்குடி. மலை தூரத்திலிருந்தே தெரியும், சாயங்காலம் பார்க்க வேண்டிய காட்சி என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. முன்சீட்டு காலியாகக் கிடந்தது. வழி நெடுக மாட்டுவண்டிகள், ஹார்ன் அடிக்கத்தான் ஆளில்லை. ஐந்து இருபத்தைந்துக்குக் காரைக்குடி, ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பள்ளத்தூர். மொத்தம் அறுபத்தெட்டு மைல்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசி நல்ல பருவம். ஊருணிகளில் தண்ணீர் இருக்கும், எஞ்சினுக்குக் கவலையில்லை. கல்லலுக்கு அப்பால் செம்மண் பாதையில் மழை பெய்திருந்தால் போக வேண்டாம். ஒட்டுப்போடும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் கையோடு இருக்கட்டும். உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் காக்கிக் கோட்டை ஊர் எல்லையிலேயே கழற்றி உள்ளே போட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பிள்ளையோடு பழகக் காரில் போகிறவர்கள் தானே ஓட்டுவதா, டிரைவர் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்காருவதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்தக் கந்தரப்பம் கிடைத்திருக்காது. உமையாள் திருகாணி எண்ணிக் கொடுத்ததும் நடந்திருக்காது. முன்சீட்டில் உட்கார்ந்ததால் வந்த வினைதான் மேலே படித்தீர்களே.

அடுத்த எட்டு நாளும் அவள் தூணுக்குப் பின்னால் ஒளியவில்லை. தூரத்தில் நின்று பார்ப்பாள், நான் பார்த்தால் உள்ளே போய்விடுவாள். அவ்வளவுதான் முன்னேற்றம். வியாழக்கிழமை காலை என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளாகவே முகப்புக்கு வந்து என் எதிரில் நின்றாள்.

"போறீகளா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"டைவருமா?"

ஆமாம், டிரைவரும்தான் என்றேன்.

அவள் உதடு பிதுங்கியது. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பச்சி போகட்டும். டைவர் இருக்கட்டும்" என்றாள்.

ஆசைப்பட்ட வார்த்தையைக் கேட்டுவிட்டேன். அழுகிற பிள்ளையின் விரல்களை என் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக நானேதான் எடுத்துவிட வேண்டியிருந்தது.