வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்தவர்

எங்கள் அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, கை துடைத்துக்கொண்டு இம்மலரைப் புரட்டும் பங்காளிப் பெருமக்களுக்கு மகளின் வணக்கம். சென்ற ஆண்டு நீங்கள் அப்பாவைப் புகழ்ந்து பேசியதை எல்லாம் கேட்டேன். அதில் விட்டுப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா பெருநகர் என்ற ஊருக்கு அருகே நம் கிராமத்தில், நம் தெருவிலுள்ள ஓட்டு வீட்டில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே போய்விட, பால் சங்கத்தில் கணக்கு எழுதித் தம்பியைப் படிக்க வைத்தார். அந்தத் தம்பிதான் நம் மாண்புமிகு சித்தப்பா. பாகம் பிரித்தபோது ஓட்டு வீடு அப்பாவுக்கு வந்தது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபின் அந்த வீடு ஆகவில்லை. வாசலில் ஐந்து படி. கழிப்பறை தோட்டத்தின் கோடியில். அம்மா தரையில் தவழ்ந்து போனதை நீங்களும் பார்த்தீர்கள், பார்த்துவிட்டுக் காபி குடித்தீர்கள். உத்திரமேரூரில் படியே இல்லாத ஒரு வீட்டுக்கு அப்பா முன்பணம் கொடுத்தார். மூன்று மாதத்தில் மீதியைக் கட்ட வேண்டும். பழைய வீட்டுப் பத்திரமோ வங்கியில் அடமானம். அந்தக் கடன் முடியாமல் புதுக்கடன் கிடையாது என்று மேலாளர் கைவிரித்துவிட்டார்.

அப்போது காலனியிலிருந்து செல்வியும் அவள் கணவனும் வந்தார்கள். இருவரும் ஒரகடத்தில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு வீட்டுக்கடன் அனுமதி ஆகியிருந்தது. அவர்கள் வங்கியே எங்கள் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுவிடும். அப்பா சம்மதித்தார். ஆனால் விற்கும் முன் பங்காளியிடம் சொல்லும் வழக்கத்தை அவர் விடவில்லை. அங்கேதான் தப்பு செய்தார்.

சித்தப்பா மறுநாளே வெற்றிலைத் தட்டில் நூற்றொரு ரூபாய் வைத்துக்கொண்டு வந்தார். “அண்ணா, வூட்ட வெளியாளுக்கு வுட்றாதே. நானே வாங்கிக்கிறேன்.”

தாம்பூலம் வாங்கினால் பேச்சு முடிந்தது என்று நம்பிய அப்பா, செல்வியைத் திருப்பி அனுப்பினார். அதன்பின் சித்தப்பாவுக்கு முதலில் ஆடி வந்தது. பிறகு மூட்டுவலி வந்தது. பணம் மட்டும் வரவில்லை. கெடு முடிய பத்து நாள் இருக்கையில் அப்பா நேராகவே கேட்டார்.

“வாங்கற எண்ணம் இருக்குதா, இல்லியா?”

“வாங்கறதுக்கா தட்டு வெச்சேன்? அவங்க நம்ம தெருவுக்கு வரக்கூடாதுன்னுதான் வெச்சேன்.”

தன் அண்ணி தவழ்வது அவருக்கு ஒரு பொருட்டில்லை. தெரு முக்கியம். என்ன பெரிய தெரு! சாக்கடைக்கு மூடி போட வக்கில்லாத தெரு.

அப்பா தட்டில் புது வெற்றிலை அடுக்கி, அதே நூற்றொரு ரூபாயை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்து நேரே காலனிக்குப் போய், செல்வியின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

“அத்த வுடுங்கய்யா. லோன் இன்னும் அப்டியேதான் கீது. நாளைக்கே பேங்குக்குப் போலாம்,” என்றாள் அவள்.

பத்திரம் வெளியே வந்தது. இரண்டு பதிவும் ஒரே வாரத்தில் முடிந்தன. புது வீட்டில் அம்மா தானே சக்கர நாற்காலியை உருட்டிக் கழிப்பறைக்குப் போன அன்று அப்பா அழுதார். புதுமனை புகுவிழாவுக்கு உங்களில் ஒருவரும் வரவில்லை; அதனால் சோறு மிஞ்சியது, அவ்வளவுதான்.

எட்டு மாதத்தில் அப்பாவுக்கு மாரடைப்பு. காரியம் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் பேசியவர்கள் நீங்களே. உடலைக் கொண்டுவந்தால் ஒரு வீட்டில் வெள்ளையடிப்பு, இன்னொன்றில் மகளுக்குச் சீமந்தம், சித்தப்பா வீட்டில் சாவி காணோம். சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது. செல்விதான் கதவைத் திறந்தாள். அவள் கணவன் அம்மாவை நாற்காலியோடு தூக்கி ஐந்து படியும் ஏற்றினான். அப்பா பிறந்த வீட்டிலிருந்தே புறப்பட்டார். அவ்விருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்று அவர் படியேறாமல் தெருவில் நின்றபடியே ஒரு ரோஜா மாலையை உள்ளே கொடுத்தனுப்பினார். அம்மா அதைத் தொடவில்லை.

“உள்ள வராதவங்க மால எதுக்கும்மா? அவரு தட்டத் திருப்பிக் குட்த்தாரு இல்ல, நீ இத்தக் குட்த்துடு.”

நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.