வேன் வருவதற்கு முன் ஒரு கேள்வி

அடியும் வசவும் வாங்கிக் குடியை விட்ட ஒருவனையாவது உங்களால் காட்ட முடியுமா? அடித்தவர் பெருமையடித்த கதை வேண்டாம். ஆளைக் காட்டுங்கள்.

கல்லடி என்ற ஊரில் மார்கிறட்டுக்கும் அப்படி ஆள் யாரும் கிடைக்கவில்லை. அவர் குடிநோயாளிகளோடு பேசி ஆற்றுப்படுத்தும் அரச உளவளத்துணையாளர். பொறுமைசாலி என்று எண்ணிவிடாதீர்கள். அழுகல் மீனை விற்கப் பார்த்தவன் அவர் வாய்க்குப் பயந்து கடையை மாற்றியிருக்கிறான். அந்த வாயைத் தொழிலில் மட்டும் கடித்துப் பிடித்துக்கொள்வார்.

அன்று சனிக்கிழமை. ஜொய்சனின் முற்றத்து மேசையில் வேதாகமம். வாவியில் வீச்சுவலை எறிந்து பிழைக்கும் ஜொய்சனுக்கு, விடிந்ததும் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடிக்காவிட்டால் கை நடுங்கும். மனைவி டினோஷா கதவடியில் நின்றாள். அவளுடைய அண்ணன் நோபேட் தீர்ப்புச் சொன்னான்: "வேதத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணு. இல்லாட்டி நாளைக்கு வேன் வரும்."

வேன், ஊருக்கு வெளியே உள்ள ஒரு முகாமுடையது. கட்டிப்போட்டு அடிப்பார்கள். அதற்குப் பெயர் புனர்வாழ்வாம்!

ஜொய்சன் கையை நீட்டினான். பழகிய வேலை. சத்தியத்தால் கை நடுக்கம் நின்றதாக எந்த வைத்தியரும் சொல்லவில்லை.

புத்தி சொல்ல அழைக்கப்பட்டிருந்த மார்கிறட் வேதாகமத்தை எடுத்து டினோஷாவிடம் கொடுத்தார். "சத்தியம் வேணாம் தம்பி. குடிச்சா உங்களுக்கு என்ன நல்லது? அதச் சொல்லுங்க."

நோபேட் குதித்தான். "என்ன மிஸ் கேள்வி இது? நாலு புத்தி சொல்லத்தானே கூப்பிட்டம்!"

"நீங்க சொன்ன புத்தி முற்றம் முழுக்கக் கிடக்கு."

ஜொய்சன் இளித்தான். "சம்பளத்துக்கு நடிக்கிறீங்க, மிஸ்."

"என்னை நம்ப வேணாம். பதிலைச் சொல்லுங்க."

"குடிச்சாத்தான் இந்தாள்ர மூஞ்சியப் பாக்கலாம். நடுக்கமும் நிக்கும்."

"மச்சான்ர மூஞ்சியத் தாங்கலாம், நடுக்கம் நிக்கும். மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா என்ன மறுகா? வலை விரியுதில்ல! இடுப்புச் சாரம் நனைஞ்ச மாதிரிச் சுருண்டு விழுகுது. வாவிப் பாலத்தில நிக்கிறவனெல்லாம் சிரிக்கான். எப்பிடி எறிஞ்சவன் நான்!"

மற்றவன் சொல்லும் காரணத்தோடு மனிதன் மல்லுக்கட்டுவான். தன் வாயால் வந்த காரணத்துக்காக அவன் யாரிடம் சண்டை பிடிப்பது? மார்கிறட்டின் வித்தை இவ்வளவுதான். மந்திரமும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை.

"விட எவ்வளவு விருப்பம்? பத்துக்கு எத்தனை?"

"மூணு."

"பரீட்சையிலயும் இவனுக்கு அதுதான் வந்திருக்கும்," என்றான் நோபேட்.

மார்கிறட் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "ஏன் தம்பி, சைபர் இல்லாம மூணு?"

ஜொய்சன் தன் கைகளைப் பார்த்தான். "நான் வலைய வட்டமா எறியிறத என்ர மகள் ஒருக்காவது பாக்கணும்."

"எனக்குத் தெரிஞ்சதொண்டச் சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"திடீரெண்டு விட்டா வலிப்பு வரலாம். உயிரும் போகலாம். ஆஸ்பத்திரியில மருந்து தந்து பாப்பாங்க. அந்த முகாமில தடிதான் இருக்கு. என்ன செய்யப் போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு வாறன். சத்தியம் கித்தியம் பண்ண மாட்டன்."

"நான் கேக்கவும் இல்லையே."

நோபேட் கதிரையை உதைத்தான். "நாடகம் முடிஞ்சிதா? நாளைக்கு வேன் வரும்!"

டினோஷா கதவடியிலிருந்து சொன்னாள்: "வரட்டும் அண்ணன். இது என்ர சீதன வீடு. கேட் திறக்க மாட்டன்."

"அப்ப இவன் செத்தாலும் என்னைக் கூப்பிடாத!" மோட்டார் சைக்கிள் சீறிப் போனது. மார்கிறட் செருப்பை மாட்டினார். ஜொய்சன் மறுபடி குடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். குடித்தால் மறுபடியும் வந்து கேட்பார்.

நீங்களும் யாருக்காவது அப்படியொரு வேனுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்களா? இப்போதே அழைத்து வேண்டாமென்று சொல்லுங்கள். பிறகு அந்த மனிதனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.