ஆணியில் தொங்கிய சாவி

காலை பதினொன்று இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். அக்கா போய்விட்டாள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார் டாக்டர். நிறுத்தியது யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

பெண்கள் ஓட்டுக்கும் படிப்புக்கும் சம கூலிக்கும் போராடியதை உங்கள் பாடப்புத்தகம் சொல்லும். கழிப்பறைக்குப் போகப் போராடியதைச் சொல்லாது.

வகுப்பில் ஒன்றுக்கு வந்தால் டீச்சரிடம் விரலைக் காட்டுகிறீர்கள் அல்லவா? உங்கள் பெரியம்மா முப்பத்தெட்டு வயது வரை காட்டினாள். மின்விசிறி கம்பெனியில் மூடி மாட்டும் வேலை அவளுக்கு. எழுபது பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதற்கும் பூட்டு. சாவி சூப்பர்வைசரின் தலைக்கு மேலே ஆணியில் தொங்கும். தூக்கிப் போகிறவளை எல்லோரும் பார்க்கட்டும் என்று செங்கல் பருமனுக்கு ஒரு மரக்கட்டையை அதில் கட்டியிருந்தார். ஆண்கள் பக்கம் பூட்டே கிடையாது.

“காலையிலதானே போனே? உள்ள என்ன, குழாய் உடைஞ்சிருச்சா?” என்பார்.

இந்தப் பேச்சுக்குப் பயந்து பதினோரு வருடம் வேலை நேரத்தில் அக்கா தண்ணீரே குடிக்கவில்லை.

ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரி, ஏழு மாத கர்ப்பிணி, மூன்று முறை சாவி கேட்டாள். “மணி அடிக்கட்டும்மா” என்றார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்தாள். யாரோ சிரித்தார்கள்.

அக்கா ஸ்க்ரூடிரைவரோடு எழுந்தாள்.

“ஏய், எங்க போறே?”

“தினமும் மாட்டுறேனே சார், இன்னைக்கு ஒண்ணு கழட்டப் போறேன்.”

கழிப்பறைத் தாழ்ப்பாளின் ஆறு ஸ்க்ரூவையும் கழற்றிப் பூட்டோடு அவர் மேசையில் வைத்தாள். “இந்தாங்க, உங்க வீட்டுல மாட்டிக்குங்க. உங்கம்மாவும் பொம்பளைதானே? அவங்களும் உங்களைக் கேட்டுக்கிட்டே போகட்டும்.”

அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மறுநாள் மற்ற அறுபத்தொன்பது பேரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நாள் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பூட்டு அதன்பிறகு வரவில்லை. ஆனால் அடக்கி அடக்கி வந்த நோய் அதற்குள் சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

இன்று மாலை கம்பெனியிலிருந்து மலர்வளையம் வந்தது. அட்டையில் “பொறுமையின் வடிவம்” என்று அச்சடித்திருந்தார்கள். அவள் பொறுத்துக்கொண்ட பதினோரு வருடத்தைப் பாராட்டுகிறார்கள், பாவிகள். அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் உங்களில் பெரியவள் கேட்டாள் என்று அக்கா நம் குளியலறைக் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று ஸ்க்ரூ ஏறியிருக்கிறது. நான்காவது ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது.