அட்டையில் ஒட்டிய வெள்ளைத்தாய்

கரட்டு முகட்டில் ஏறியதும் வெள்ளைத்தாய் ஆடுகளை எண்ணுவதில்லை, செடிகளை எண்ணுகிறாள். பாறை இடுக்கில் சாண் உயரச் செடிகள். ஐப்பசி மழைக்குப் பின் பத்து நாள் வெள்ளையாகப் பூக்கும். பூ உதிர்ந்துவிட்டால் வேறு யார் கண்ணுக்கும் அகப்படாது.

சீலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தோளில் துரட்டி, இடுப்பில் வெற்றிலைப் பை. மற்ற ஆடுகளைத் தாறுமாறாக ஏசுகிறவள், கிடாவுக்கு மட்டும் மரியாதை கொடுப்பாள். “அண்ணாச்சி, அங்கன வாய் வைக்காதேயும். இங்கன வாரும்.” அந்த மரியாதையை வீட்டுக்காரர்கூடக் கண்டதில்லை என்பது ஊர்ப் பேச்சு.

குட்டிக்கு வயிறு உப்பினால் அந்தச் செடியில் இரண்டு இலை கிள்ளிக் கசக்கிப் புகட்டுவாள். மூன்றாவது இலையைத் தொடமாட்டாள். செடிக்குப் பெயர் வைக்க அவளுக்குத் தோன்றியதில்லை. கூப்பிட்டால் வருகிற ஆட்டுக்குத்தானே பெயர் வேண்டும்.

தொண்ணூற்றேழில் கோவில்பட்டியிலிருந்து சுகுணா டீச்சர் கல்லூரிப் பிள்ளைகளோடு ஏறி வந்தார். பூவைப் பார்த்தபடியே, “பேர் என்னம்மா?” என்றார். தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “வெள்ளைத்தாய்” என்றாள் இவள். பூவும் வெள்ளை, டீச்சர் சந்தேகமில்லாமல் எழுதிக்கொண்டார். அன்று எட்டுச் செடிகள் இருந்தன. இவள் ஆடுகளை மறித்துத் திரும்புவதற்குள், பிள்ளைகள் ஆளுக்கொன்றாக ஐந்தைப் பிடுங்கிச் செய்தித்தாளில் வைத்து அமுக்கிவிட்டார்கள். மிஞ்சிய மூன்றில் கிள்ளுவதற்கு இலை தேறவில்லை. அந்தப் பருவத்தில் வயிறு உப்பி இரண்டு குட்டிகள் செத்தன.

கொழுந்தன் மகள் முத்துசெல்வி அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் வந்து சொன்னாள்: “பெரியம்மா, காஞ்ச செடிய அட்டையில ஒட்டி, அடியில ஒங்க பேர எழுதி வச்சிருக்காவ.”

தெருவே சிரித்தது. வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை.

“ஏட்டி, வேரோடயா ஒட்டியிருக்காவ?”

ஆமாம் என்றாள் முத்துசெல்வி.

மறு ஐப்பசியில் பூத்தது ஒன்றே ஒன்று. பூத்த மூன்றாம் நாள், அட்டையைப் படித்துவிட்டுப் புதிய பிள்ளைகள் இரண்டு பேர் பையும் செய்தித்தாளுமாக, மூச்சு வாங்க ஏறி வந்தார்கள்.

“ஆச்சி, இந்த மலையில வெள்ளைத்தாய் எங்கன இருக்கு?”

“வெள்ளைத்தாயா? அவ செத்து ஒரு வருசமாச்சே” என்றாள். சொல்லிக்கொண்டே கிடாவைத் துரட்டியால் ஒதுக்கிவிட்டு, செடியைச் சீலைக்குள் வாங்கி, நசுங்காமல் குத்தவைத்து உட்கார்ந்து, வெற்றிலைப் பையை அவிழ்த்தாள்.