பதிமூணாம் வாய்ப்பாட்டுத் தெரு

எனக்குக் கணக்கு வராது என்பதை ஊரே ஒப்புக்கொண்டிருந்தது, என்னைத் தவிர. மூன்றாம் வகுப்பில் என்னைவிட உரக்க வாய்ப்பாடு சொல்லக்கூடியவன் கிடையாது. உரக்கச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு திடமான நம்பிக்கை. பிற்காலத்தில் பல பெரிய மனிதர்கள் அதே நம்பிக்கையோடு மேடை ஏறுவதைப் பார்த்தபோது, நான் சரியான தொழிலைத் தவறவிட்டேனோ என்று தோன்றியதுண்டு.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது நெசவுத் தெரு. உலகச் சண்டைக் காலம். தெருக்கோடியில் ஒற்றை வாத்தியார் வைத்து நடத்திய பள்ளிக்கூடம். அந்தப் பருவத்தில் நாங்கள் கற்றது மழையைப் பற்றி ஒரு பாட்டு, காவிரி எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகிறது என்பது, நகம் வெட்டுவதன் நன்மை, அப்புறம் பதிமூணாம் வாய்ப்பாடு. முதல் மூன்றும் பள்ளிக்கூடத்துக்குள் நடந்தன. நாலாவதுதான் தெருவில் நடந்தது.

அதற்குக் காரணம் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூல். பொங்கல் சேலைக்காக அந்தப் பருவம் முழுக்கத் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டே இருந்தார்கள். மூங்கில்களைப் பெருக்கல் குறி மாதிரி கட்டிய கவைக்கால்களைத் தெரு நெடுக நிறுத்தி, அவற்றின் மேல் நூலை இழுத்துக் கட்டுவார்கள். பெரியவர்கள் கஞ்சி தடவி குச்சம் என்ற ஆளுயரத் தூரிகையால் நீவிக்கொண்டு போக, அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது பெண்களுக்கும் பொடியன்களுக்கும் உள்ள வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். பாவு நாளில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் பல்லியும் மட்டும் இருப்பார்கள்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த வாத்தியார், பிரம்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். அவர் பாவோடு முன்னால் நடப்பார். நாங்கள் இழை பிணைத்துக்கொண்டே பின்னால் நடப்போம். ஒரு கவைக்காலுக்கு ஒரு வரி. எங்கள் தெருவில் ஒவ்வொரு காலுக்கும் மாறாத இடம் உண்டு. முதல் கால் பள்ளிக்கூட வாசல். அங்கே ஒரு பதிமூணு பதிமூணு. நாலாவது கால் கிணற்றடி. அங்கே ஐம்பத்திரண்டு. பத்தாவது கால் பிள்ளையார் கோயில். அதோடு தெருவும் முடியும், வாய்ப்பாடும் முடியும். இப்படித்தான் நான் அந்த வாய்ப்பாட்டைத் தலைகீழாகக் கற்றேன். அதாவது, பாவின் அடுத்த முனையிலிருந்து நடந்தால் தலைகீழாகவும் வரும்.

தை பிறப்பதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அவருக்குத் திருப்தியில்லை என்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். எண்ணிக்கை காட்டப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைத்ததற்காகப் பக்கத்து ஊரில் ஒன்றை மூடியிருந்தார்கள். வாத்தியார் சோறு இறங்காமல் அலைந்தார். என் சித்தப்பாவுக்கு மட்டும் கவலையில்லை. பள்ளிக்கூடம் மூடிப்போனால் எனக்குத் தறிக்குழி காத்திருக்கிறது என்று தினமும் நினைவுபடுத்தினார். என் காலை நீட்டச் சொல்லி, குழிக்குள் மிதிகட்டை எட்டுமா என்று அளந்துகூடப் பார்த்தார்.

பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டரின் வெள்ளைக் கோட்டு சாம்பல் நிறமாகியிருந்தது. அன்றைக்குப் பார்த்துத் தெருவில் பாவு இல்லை. எல்லாரும் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழைப் பாட்டு தப்பித்தது. காவிரி ஒருவழியாகக் கடலில் கலந்தது. அப்புறம் அவர் என்னைக் கை காட்டி, "பதிமூணு ஏழு எவ்வளவு?" என்றார்.

நான் எழுந்து, எப்போதும் போல உரக்கச் சொன்னேன். "அது எண்ணெய்க்கடை வாசல்ல இருக்குதுங்க சாமி."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"எது இருக்குது?"

"நீங்க கேட்டதுதாங்க. வாங்க, காட்டறேன்."

அவர் பதில் சொல்லுமுன் நான் வாசலைத் தாண்டியிருந்தேன். ஒரு பதிமூணு பதிமூணு என்று தொடங்கிக் காலியான தெருவில் நடந்தேன். வகுப்பு முழுக்க என் பின்னால் வந்தது. அதன் பின்னால் இன்ஸ்பெக்டர், அவருக்கும் பின்னால் முகத்தைத் துடைத்தபடி வாத்தியார். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. இல்லாத கால் ஒவ்வொன்றிலும் நின்று, வரி சொல்லி, நகர்ந்தோம். எண்ணெய்க்கடை வாசலில் காலை ஊன்றி வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால், எதிரே எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து, "தொண்ணூத்தொண்ணு" என்று குரல் வந்தது.

சின்னம்மா! சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த வருசம் அது. பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தவரில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. காப்பியடித்தான் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிடுவாரே!

"அய்யா, அது எங்க சின்னம்மாங்க. நான் கேக்கவே இல்லீங்க, அவங்களாச் சொல்லிப்போட்டாங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். பிறகு பதிமூணு நாலு கேட்டார். கிணற்றடிக்கு ஓடினோம். அங்கே தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சொன்னதால் ஐம்பத்திரண்டு அன்றைக்கு ஜோராக ஒலித்தது. அது என் குரலின் பெருமை என்றே நினைத்தேன். அடுத்து பதிமூணு பதினொன்று கேட்டார்.

"அதுக்குத் தெரு பத்தாதுங்க," என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ கேட்டார். வாத்தியார் தலைகுனிந்தபடி பாவுக் கதையைச் சொன்னார். கேட்டு முடித்தவர், இரண்டு பக்கமும் கதவுகளை ஒரு தரம் பார்த்தார்.

"நீங்க எனக்குக் காட்டாத பிள்ளைங்க நிறையப் பேர் இங்க படிக்கிறாங்க போலிருக்கே."

இரவல் பிள்ளை விவகாரமல்லவா இது! நான்தான் நடுவில் புகுந்தேன்.

"சத்தியமா இல்லீங்க சாமி. நாங்க இவ்வளவு பேருதானுங்க. எங்க வாத்தியாரு யாரையும் ஒளிச்சு வெக்கலீங்க."

கதவுகளுக்குப் பின்னால் வளையல் சத்தத்தோடு சிரிப்பு எழுந்தது. இன்ஸ்பெக்டர் என் தலையில் கை வைத்து, நீ சொன்னால் சரிதான் என்றார்.

பள்ளிக்கூடம் தப்பித்தது. காப்பாற்றியவன் நான்தான் என்று பொங்கல் முடியும்வரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தப்பாவும் மறுக்கவில்லை, தறிக்குழி எங்கேயும் ஓடிவிடாது என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்குப் பிறகு வந்த முதல் பாவு நாளில் பதினாலாம் வாய்ப்பாடு ஆரம்பமாயிற்று. வாத்தியாருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. எங்கள் பக்கம் திரும்பாமல் வீடுகளைப் பார்த்து, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி, இரண்டு இரண்டு தடவை சத்தம் போட்டுச் சொன்னார். எங்களையெல்லாம் செவிடர்கள் என்று முடிவு கட்டிவிட்டாரே என்று எனக்குத்தான் மனத்தாங்கல்.